சுருட்டை முடியும் ஸ்ட்ரெயிட்னரும்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

தோழிகளே, எனக்குப் பிறவியிலேயே அடர்த்தியான சுருட்டை முடி. மாதத்தில் ஓரிரு முறை வீட்டிலேயே ஸ்ட்ரெயிட்னரால் நீட்டிக்கொள்வேன். இப்போது முடிக்குப் பெரிய கேடு வராமல் அதைச் செய்துகொள்ள முடிகிறது என்றாலும், தொடக்கத்தில் செய்த ஒரு தவற்றின் அடையாளம் என் நெற்றியோர முடியில் ஓராண்டுக்கு மேல் நீடித்தது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

ஒரு நிகழ்ச்சிக்குக் கிளம்பும் அவசரம். தலைக்குக் குளித்துத் துவட்டியிருந்தேன். தொட்டுப் பார்த்தால் முடி உலர்ந்துவிட்டது போலத்தான் இருந்தது. கருவியை 230 டிகிரியில் வைத்து முன்கற்றை ஒன்றைப் பிடித்தவுடன், ஈரத்துணியின்மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தாற்போல் ‘சுர்ர்’ என்று ஓசை எழுந்து, தகடுகளின் இடுக்கிலிருந்து வெண்ணிற ஆவி கிளம்பியது. அதைப் பொருட்படுத்தாமல் அதே கற்றையை நான்கைந்து முறை இழுத்தேன். அன்று முடி பளபளவென்று இருந்தது. அடுத்த முறை தலைக்குக் குளித்தபோது மற்ற முடியெல்லாம் பழையபடி சுருண்டுகொள்ள, அந்தக் கற்றை மட்டும் நூல்போலத் தொங்கியது. ஓர் இழையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது நடுவில் பொடி உப்பு அளவுக்கு வெண்புள்ளிகள் தெரிந்தன. சீப்பை வைத்தால் சரியாக அந்தப் புள்ளிகளில்தான் முடி முறிந்தது.

காரணத்தைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதனுள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் சூட்டில் தளர்ந்து, ஆறும்போது புதிய வடிவத்தில் மீண்டும் பிணைகின்றன. தண்ணீர் பட்டால் அவை அவிழ்ந்து, சுருள் திரும்பிவிடும். ஆனால் சூடு அளவு மீறினால் புரதமே சிதைந்துவிடுகிறது. முடிக்குள் ஈரம் இருக்கும்போது அந்தச் சிதைவு இன்னும் குறைந்த வெப்பத்திலேயே தொடங்கிவிடும் என்பதோடு, உள்ளிருக்கும் நீர் கொதித்து ஆவியாகி இழைக்குள் குமிழ்களையும் உண்டாக்குகிறது. அன்று நான் கேட்ட ‘சுர்ர்’ ஓசை அதுதான். தலைக்கு வெளியே வந்துவிட்ட முடி உயிரற்றது. எந்த எண்ணெயும் கண்டிஷனரும் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவராது. முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால், அந்தக் கற்றையைச் சிறிது சிறிதாக வெட்டிவிட்டுப் பொறுத்திருப்பதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

இப்போது முடியை அலசியதும் கண்டிஷனர் இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் சிக்கெடுத்துவிடுகிறேன். பிறகு வெப்பப் பாதுகாப்பு ஸ்பிரேயைக் கற்றை கற்றையாகத் தடவி, ஹேர் டிரையரை மிதமான சூட்டில் வைத்து, முடியைச் சற்று இழுத்துப் பிடித்தபடி அடிமுடி வரை முழுக்க உலர்த்துகிறேன். சுருளில் பாதி இங்கேயே தளர்ந்துவிடுவதால் ஸ்ட்ரெயிட்னருக்கு வேலை குறைவு. அதை 180 டிகிரிக்கு மேல் ஏற்றுவதில்லை. இரண்டு விரல் அகலக் கற்றையாகப் பிரித்து, முன்னே சீப்பு செல்ல அதன் பின்னாலேயே தகட்டை நிறுத்தாமல் ஒரே சீராக ஒரு முறை இழுத்தால் போதும். அந்த ஸ்பிரே சூடு பரவும் வேகத்தைக் குறைக்குமே தவிரச் சூட்டைத் தடுத்துவிடாது. அதை நம்பி வெப்பத்தைக் கூட்டுவது தவறு. எங்காவது ஆவியோ தீய்ந்த வாடையோ வந்தால் அங்கேயே நிறுத்திவிடுகிறேன்.

மறுமொழி 1

சகோதரி, என் முடி சுருட்டைதான்; ஆனால் மெல்லிய இழை, போதாததற்குச் சாயமும் ஏற்றியது. எனக்கு 180 டிகிரியே அதிகமாக இருந்தது. நுனிகள் வெடித்து, தடவினால் வைக்கோல்போல் சொரசொரத்தன. 150 டிகிரிக்கு இறக்கிய பிறகு முடி முழுதாக நேராவதில்லை, மெல்லிய அலையோடு நிற்கிறது; அதுவே எனக்குப் போதுமானதாக இருக்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: நீட்டிய மறுநாள் காலையில் தலை பிசிறாக இருப்பதைக் கண்டு மீண்டும் சூடு வைக்கும் பழக்கம் எனக்கு இருந்தது. என் முடியை மிகவும் கெடுத்தது அதுதான் என்று நினைக்கிறேன். இப்போது இரவில் முடியைத் தளர்வாகச் சுற்றி வழுவழுப்பான துணியால் கட்டிக்கொண்டு படுக்கிறேன். மறுநாள் கருவியைத் தொட வேண்டிய தேவையே வருவதில்லை.

மறுமொழி 2

முடியில் எண்ணெய் தடவிக்கொண்டு நீட்டினால் பளபளப்பு கூடும் என்று ஓர் அழகு நிலையத்தில் சொன்னதைக் கேட்டு நானும் அப்படியே செய்தேன். சூடேறிய எண்ணெய் காதோரத் தோலில் பட்டுக் கொப்புளம் வந்துவிட்டது. பளபளப்பு வேண்டுமென்றால் முடி நன்றாக ஆறிய பிறகு, நுனியில் மட்டும் இரண்டு துளி எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

முதல் பதிவருக்கு ஒரு கேள்வி: முறிந்த அந்த முன்கற்றை இப்போது எப்படி இருக்கிறது?

முதல் பதிவர்

கேட்டதற்கு நன்றி தோழி. கெட்டுப்போன பகுதி முழுவதையும் வெட்டியாகிவிட்டது. புதிதாக வளர்ந்திருக்கும் முடி தாடை வரை வந்துவிட்டது. நனைத்தால் மற்ற முடியைப் போலவே சுருண்டுகொள்கிறது.