அப்பாயி வைத்தியத்தைப் பிள்ளைகளை வைத்து எழுதி வாங்குவது எப்படி?

கேள்வி – பொகவந்தலாவை டீச்சர்

தோட்டப் பாடசாலையில் தரம் 8க்குத் தமிழ் படிப்பிக்கிறேன். போன மாதம் எங்கள் அப்பாயி தவறிப்போனார். அட்டை கடித்து ரத்தம் நிற்காவிட்டால் வெற்றிலைச் சுண்ணாம்பு, பாலுண்ணிக்கு அம்மான் பச்சரிசிப் பால். இந்த இரண்டும்தான் எனக்குத் தெரியும். சளிக்கு அவர் காய்ச்சும் கசாயத்தில் கொத்தமல்லி, இஞ்சியோடு ஏதோ ஒரு வேரும் தட்டிப் போடுவார். அது என்ன வேர் என்று நான் கேட்கவே இல்லை.

அயர்லாந்தில் 1937 முதல் 1939 வரை பள்ளிப் பிள்ளைகளே இப்படியான வீட்டு வைத்தியங்களை எழுதியிருக்கிறார்கள். அங்கிருந்த நாட்டாரியல் ஆணைக்குழுவின் ஏற்பாடு. 26 கவுண்டிகளில், அதாவது மாவட்டங்களில், ஏறத்தாழ 5,000 பள்ளிகள். வீட்டில், அயலில் பெரியவர்களிடம் கேட்டுக் கொப்பியில் எழுதி வந்தார்கள். அந்த ஊரிலும் பாலுண்ணிக்குச் செடிப் பால்தான், டான்டிலைன் தண்டை ஒடித்துத் தடவுவார்கள். வாசித்ததும் அப்பாயி கை ஞாபகம் வந்துவிட்டது.

என் வகுப்பில் 31 பிள்ளைகள். எப்படிக் கேட்டு வரச் சொல்லலாம்?

பதில் – ஹட்டன்

டீச்சர், "என்ன மருந்து தெரியும்?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை, டிஸ்பென்சரிக்குத்தான் போவோம்" என்பார்கள். என் அம்மாவே அப்படித்தான் சொன்னார். நோயைச் சொல்லிக் கேட்க வேண்டும். "கண்கட்டி வந்தா என்ன செஞ்சீங்க?" என்றதும், உள்ளங்கையில் விரலைத் தேய்த்துச் சூடாகக் கண்ணில் ஒற்றிக் காட்டினார். அயர்லாந்தில் கண்கட்டிக்குக் கூஸ்பெரி என்ற பழச்செடியின் முள்ளைக் கண்ணுக்கு நேரே காட்டுவார்களாம்.

பதில் – பதுளை, ஓய்வுபெற்ற தாதி

மூடநம்பிக்கை என்று எதையும் வெட்டிவிடாதீர்கள் மகள். வட அயர்லாந்தின் ஃபெர்மனா கவுண்டியில் போஹோ என்ற ஊரில், தேவாலய மயான மண்ணைத் துணியில் முடிந்து தலையணைக்கு அடியில் வைப்பார்கள். குணமானதும் மண்ணைத் திருப்பிக் கொண்டுபோய்ப் போட்டுவிட வேண்டும். 2018இல் சுவான்சி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மருந்துக்கு மசியாத கிருமிகளை அடக்கும் பாக்டீரியாவை அந்த மண்ணில் கண்டார்கள். ஆனால் ஒன்று: பிள்ளைகள் இலையைக் கொண்டுவரட்டும், வாயில் வைக்கக் கூடாது. வார்டில் பச்சிலை தின்று வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

பதில் – மஸ்கெலியா

அந்த வேர் சித்தரத்தையாக இருக்கலாம் அக்கா. எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) சளிக்கு அதைத்தான் தட்டிப் போடுவார்கள். தோல் செம்பழுப்பாக இருந்ததா? காரமா?

பொகவந்தலாவை டீச்சர்

காரம்தான் தம்பி, தொண்டை வரைக்கும் போகும். நிறம் ஞாபகம் இல்லை. அப்பாயியோடு கொழுந்து எடுத்த ஒரு பாட்டி மேல் லயத்தில் இருக்கிறார். சனிக்கிழமை ஹட்டனில் ஒரு துண்டு வாங்கிக்கொண்டு போய் அவரிடம் காட்டுகிறேன்.