சின்ன வள்ளத்தை எவ்வளவு கயிற்றில் கட்டி இழுப்பது?

அளம்பிலான்:
பாய்வள்ளத்தின் பின்னால் சின்ன வள்ளத்தை ஒரு பாகம் (ஏறக்குறைய ஆறடி) கயிற்றில் கட்டினால் போதும், எந்தக் கடலிலும் பிரச்சினை வராது என்று நாச்சிக்குடாத் தம்பி நேற்று எழுதியிருந்தார். எந்தக் கடலிலுமா? வடகிழக்குக் காற்றடிக்கும் வாடை காலத்தில் எங்கள் அளம்பில் கிழக்குக் கரைக்குத் திரும்பும்போது காற்றும் அலையும் பின்னாலிருந்துதான் வரும். அலை தூக்கினால் சின்ன வள்ளம் சறுக்கிக்கொண்டு பாய்வள்ளத்தை முந்தப் பார்க்கும். ஒரு பாகம் கயிறு என்றால் நேரே சுக்கானில் இடிக்கும். கயிற்றை நீளமாக விட்டு, அலையின் பின்சரிவில் அது வரும்படி பார்த்துக் கட்ட வேண்டும்.

நாச்சிக்குடாவான்:
ஒரு பாகம் என்றுதான் எழுதினேன், இப்போதும் அதுதான். குறுக்கிக் கட்டினால் சின்ன வள்ளத்தின் அணியம் (முன்பக்கம்) தூக்கி நிற்கும், இழுவை குறையும். நீளக் கயிறு ஒருமுறை தொய்யும், ஒருமுறை வெடுக்கென்று இழுக்கும். எங்கள் பாக்கு நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு. இரணைதீவுக்குப் போகும் வழியில் வலைக்கம்புகளுக்கு நடுவே பாய் மாற்றித் திரும்பும்போது பின்னால் நீளமாக ஒரு வள்ளம் ஆடிக்கொண்டு வந்தால் எதில் மாட்டும் என்று தெரியாது. கிழக்குக் கரை அண்ணைமாருக்கு இது விளங்காது.

அளம்பிலான்:
நான் கேட்டது அலை. நீங்கள் சொல்வது வலைக்கம்பு. பின்னாலிருந்து வரும் அலையில் ஒரு பாகம் கயிறு என்ன செய்யும்? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

பரந்தனூரான்:
பாய்வள்ளம் எத்தனை அடி? சின்ன வள்ளம் மரமா, பைபரா, காற்றடைத்த ரப்பர் போட்டா? அது தெரியாமல் நீளம் பேசி என்ன பயன்? ரப்பர் போட் என்றால் கச்சான் காற்று (மேல்காற்று) அடிக்கும்போது குப்புறப் பிரட்டிவிடும். மேலே ஏற்றிக் கட்டுவதே நல்லது.

நாச்சிக்குடாவான்:
மேலே ஏற்றினால் பாய் மாற்ற இடமிருக்காது, முன்பார்வையும் மறையும். பரந்தனில் கடல் எங்கே இருக்கிறது ஐயா?

அளம்பிலான்:
ஊரை விடுங்கள். சுருக்குவலைப் பேச்சிலும் நீங்கள் இப்படித்தான், கேட்டதை விட்டுவிட்டு வேறெங்கோ போனீர்கள். இன்னொன்றும் சொல்கிறேன். இழுக்கும் முன் எஞ்சினையும் துடுப்பையும் சின்ன வள்ளத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். தண்ணீர் நிறைந்துவிட்டால் அந்தப் பாரத்துக்குக் கயிறே அறும். நைலோன் கயிறு இழுபட்டுக் கொடுக்கும், வெடுக்கென்ற இழுப்பைத் தாங்கும். ஆனால் தண்ணீரில் தாழும். கரைக்குக் கிட்ட எஞ்சின் போடும்போது சுருக்கி எடுக்காவிட்டால் எஞ்சினின் காற்றாடியில் (புரொப்பெல்லரில்) சுற்றும். இதெல்லாம் தெரிந்தவன் ஒரு பாகம் என்று எழுதமாட்டான்.

நாச்சிக்குடாவான்:
காற்றாடியில் சுற்றும் என்று நீங்களே சொல்கிறீர்கள். அதனால்தான் ஒரு பாகம்.

வல்வையூரான்:
வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி அம்மாள் என்ற கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகம் வரை பாயில் போனது. எங்கள் ஆட்களைக் கேட்டிருந்தால் இவ்வளவு சண்டை வேண்டியதில்லை.

அளம்பிலான்:
அன்னபூரணி தமிழர் எல்லாருக்கும் பெருமை. அதை வைத்து வன்னிக்காரனுக்குக் கடல் தெரியாது என்று காட்ட வேண்டாம். நடுக்கடலில் யாரும் சின்ன வள்ளத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு போவதில்லை, மேலே ஏற்றித்தான் வைப்பார்கள்.

பரந்தனூரான்:
அதைத்தானே நான் முதலில் சொன்னேன்?

அளம்பிலான்:
நீங்கள் சொன்னது ரப்பர் போட். பேச்சு ஒரு பாகம் கயிறு பற்றியது.

வல்வையூரான்:
வன்னிக்குக் கடல் தெரியாது என்று நான் எங்கே எழுதினேன்? இல்லாததை ஏன் வாசிக்கிறீர்கள்?

நாச்சிக்குடாவான்:
அவர் எப்போதும் அப்படித்தான் வாசிப்பார். சோளகம் (தென்காற்றுக் காலம்) தொடங்கட்டும், நாச்சிக்குடாவுக்கு வாருங்கள். ஒரு பாகத்தில் கட்டி இரணைதீவு வரை போய்க் காட்டுகிறேன்.

அளம்பிலான்:
சோளகத்தில் உங்கள் கடலில் நான் ஏன் பார்க்க வேண்டும்? "எந்தக் கடலிலும்" என்று எழுதியது நீங்கள். வாடையில் அளம்பிலுக்கு வந்து கட்டிக் காட்டுங்கள்.