தம்பிக்கு ஹெவி லைசென்ஸ்: டிரைவிங் ஸ்கூலா, மாமா கூட லாரியிலேயே அனுப்பலாமா?

காவேரிப்பட்டணம்காரன்:
வணக்கம். தம்பிக்கு 21 வயது. கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. இப்போது லாரிதான் ஓட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். தாய்மாமா டாரஸ் (பெரிய பல சக்கர லாரி) ஓட்டுகிறார், கிரானைட் லோடு. "ஸ்கூலுக்கு எதுக்குடா காசு, என் கூட கிளீனரா ஏறட்டும், ஆறு மாசத்துல வண்டியைக் கையில கொடுத்துடறேன்" என்கிறார். அப்பாவும் அவர் பக்கம். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பத்துச்சக்கரம்:
மாமா சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். ஸ்கூலில் ஓட்டுவது காலி வண்டி. விதிப்படி ஹெவிக்கு குறைந்தது ஒரு மாதம், 15 மணி நேரம் ஸ்டியரிங் பிடிக்கணும், ஆனால் ஒரே வண்டியில் நாலைந்து பையன்களை ஏற்றிக்கொண்டு போனால் ஆளுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று நீங்களே பாருங்கள். கிரானைட் கட்டை ஏறியதும் அதே வண்டி வேறு வண்டி. பிரேக் மிதித்தால் நிற்கும் தூரம் வேறு, வளைவில் பின்னாலிருந்து தள்ளுகிற தள்ளு வேறு. கட்டைக்கு ஆப்பு வைத்து சங்கிலி போட்டிருப்பதை நாமே இறங்கிப் பார்க்காமல் கிளம்பக் கூடாது, ராத்திரி மூணு மணிக்குக் கண் சொக்கும்போது ஓரம் கட்டித் தூங்கிவிடணும். இதெல்லாம் கிளீனராக இருந்தவனுக்குத்தான் உடம்பில் ஊறும். டயரைத் தட்டி சத்தத்தை வைத்தே காற்று குறைந்ததைச் சொல்கிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். எந்த ஸ்கூலில் இதைச் சொல்லித் தருகிறார்கள்?

பட்டறை அண்ணன்:
பத்துச்சக்கரம் அண்ணே, நீங்கள் சொன்ன எல்லாம் சரி. தொப்பூரை மட்டும் விட்டுவிட்டீர்கள். தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது அந்த இறக்கத்தில் அடிபடுகிற லாரியை ஓட்டுவது எப்போதும் புதுப் பையன் இல்லை, வருஷக்கணக்காக லாரி ஓட்டுகிறவரும் உண்டு. கியரில் போடாமல் நியூட்ரலில் விட்டு இறக்குவார். அவருடைய குருநாதர் அப்படித்தான் இறக்கினார், அவருக்கும் பழகிவிட்டது. சில பேர் இன்ஜினையே ஆஃப் பண்ணிவிடுவார்கள். இன்ஜின் நின்றால் பிரேக்குக்குக் காற்று கொடுக்கிற ஏர் கம்ப்ரஸரும் நின்றது, பவர் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும்.

நியூட்ரலில் வண்டியைப் பிடித்து வைக்க பிரேக் தவிர வேறு எதுவும் கிடையாது. மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடாகும், ஒரு கட்டத்தில் டிரம்மை உரசிப் பிடிக்கிற லைனர் பிடிக்காமல் வழுக்கும். அப்படி வந்த வண்டியைக் கழற்றினால் டிரம் நீலம் பாய்ந்திருக்கும், லைனர் கண்ணாடி மாதிரி பளபளக்கும், கருகிய வாசனை பட்டறை முழுக்க நிற்கும். காற்று டேங்கில் இருக்கும், பெடலும் இருக்கும், பிடிப்புதான் இருக்காது. இதைத்தான் "பிரேக் ஃபெயிலியர்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். ஏறும்போது எந்த கியரோ அதே கியரில் இறங்கு, இன்ஜின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக் போடு, பிரேக்கை அமுக்கிப் பிடிக்காமல் விட்டு விட்டு மிதி. நல்ல பயிற்சி மையத்தில் இதைக் காரணத்தோடு சொல்லித் தருவார்கள். மாமா கியரில் இறக்குவாரா, நியூட்ரலிலா என்று முதலில் கேளுங்கள்.

ஓசூர் லோடு:
சட்டம் தெரிந்துகொள்ளுங்கள். லைசென்ஸ் இல்லாத பையன் கையில் லாரியைக் கொடுத்தால் வண்டி ஓனர் மேலும் வழக்கு வரும், இன்சூரன்ஸும் சிக்கல். கூடப் போவது வேறு, ஓட்டுவது வேறு. 2021-ல் அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களுக்குத் தனி விதி வந்தது. ஹெவிக்கு ஆறு வாரம், 38 மணி நேரம், பாடமும் சேர்த்து. அங்கே தேறினால் ஆர்டிஓவில் தனியாக ஓட்டிக் காட்ட வேண்டாம். அப்புறம், மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் சின்ன வண்டியில் மாங்காய் லோடு அடித்துக் கை பழகலாம்.

காவேரிப்பட்டணம்காரன்:
மாமாவிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே, "நியூட்ரல் போடாம டீசல் எப்படிடா மிச்சமாகும்?" என்றார்!

பட்டறை அண்ணன்:
அவரைக் குறை சொல்லியும் பிரயோஜனம் இல்லை. வண்டி ஓனர் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கணக்குக் கட்டிவிடுகிறார், மிச்சமாகிற டீசல் டிரைவருக்கு. அந்தக் காசுதான் அவருக்கு நியூட்ரலைக் கற்றுக் கொடுத்தது. ஆனால் அது பழைய பம்பு இன்ஜின் காலத்துக் கணக்கு. இப்போதைய பிஎஸ் 6 (புதுப் புகை விதிப்படி வந்த) வண்டியில் கியரில் இருந்து ஆக்சிலேட்டரை விட்டால் இன்ஜினுக்கு டீசல் போவதே நின்றுவிடும், நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்குக் குடிக்கும். மாமாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், காசுக் கணக்கில் சொன்னால் கேட்பார்.

பத்துச்சக்கரம்:
தொப்பூர் விஷயத்தில் பட்டறை அண்ணன் சொல்வதுதான் சரி, அதில் பேச்சே இல்லை. முதலில் மையத்தில் சேர்த்து லைசென்ஸை எடுங்கள், அதற்குப் பிறகு மாமாவோடு அனுப்புங்கள். அப்போது இறக்கத்தில் மாமா கை நியூட்ரலுக்குப் போனால் ஏன் என்று கேட்கிற அளவுக்காவது பையனுக்குத் தெரிந்திருக்கும். கிருஷ்ணகிரி பக்கம் இருக்கிற மேலுமலை இறக்கத்திலேயே ஆரம்பித்துவிடலாம், தொப்பூர் வரை காத்திருக்க வேண்டாம். மாமா கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும்.