தோட்டாக் கூடு கிழிந்தால் முதலில் எதைப் பார்ப்பது?

நாகலூர் எஸ்டேட்காரர்:

தாத்தா காலத்து .315 ரைஃபிள் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. லைசென்ஸ் என் பெயருக்கு மாறிப் பல வருஷம் ஆகிறது. வேட்டை என்ற பேச்சே கிடையாது, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு அது முடிந்த கதை. எப்போதாவது மலையிறங்கித் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் நாலைந்து ரவுண்டு போடுவதோடு சரி.

போன தடவை போட்ட ஐந்தில் மூன்று கூடுகள், அதாவது மருந்தும் குண்டும் அடைத்த பித்தளை உறைகள், குண்டைக் கவ்வும் கழுத்தில் கிழிந்து வெளியே வந்தன. வாய் விளிம்பில் தொடங்கி, கழுத்து அகலும் தோள் வரை நீளவாக்கில் ஒரு கோடு, சுற்றிலும் கரி. பக்கத்தில் நின்றவர், "லாட் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) சரியில்லை, கடையில் போய்க் கேளுங்க" என்றார். நானும் சண்டைக்குப் போகிற எண்ணத்தில்தான் இருந்தேன். கூட வந்த சித்தப்பா பையன் கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியில் உலோகவியல் படித்தவன். "அண்ணா, சுடாததை முதல்ல பாருங்க" என்றான். டப்பாவில் மிச்சமிருந்ததைத் துணியில் கொட்டி, நகை பார்க்கும் லென்ஸை வைத்து ஒவ்வொன்றாக உருட்டினோம். சுடாத இரண்டிலேயே கழுத்தில் மயிரிழை விரிசல்.

"எங்கே வச்சிருந்தீங்க?" என்று கேட்டான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோட்டா இருந்த பெட்டி உர ரூமில். ஒரு பக்கம் காபிக்குப் போடும் யூரியா மூட்டை, சுவருக்கு அந்தப் பக்கம் மாட்டுக் கொட்டகை. மழை மாதங்களில் ஏற்காட்டு ஈரம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும், தீப்பெட்டியே நமத்துப் போகும்.

தோட்டாக் கூடு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை. யூரியாவும் மாட்டு மூத்திரமும் ஈரத்தில் விடும் அம்மோனியா அதற்கு ஆகாது. கழுத்தைச் சுருக்கிக் குண்டைக் கவ்வ வைக்கும்போது உலோகத்துக்குள் ஓர் இழுவிசை தங்கிவிடுகிறது. ஈரமும் அம்மோனியாவும் சேர்ந்தால் அந்த இடமாகப் பார்த்து விரிசல் விடும். நம் நாட்டில் கண்டுபிடித்த வியாதிதான் இது. வெள்ளைக்காரன் காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கள் மழைக்காலத்தில் தாமாகவே விரிந்தன. அதனால்தான் 'சீசன் கிராக்கிங்' என்று பெயர் வைத்தார்கள். லாயத்து அம்மோனியாதான் காரணம் என்று விளங்க 1921 ஆகிவிட்டது. எனக்கு விளங்க இன்னும் நூறு வருஷம்!

செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் மாமா இதைக் கேட்டுச் சிரித்தார். "கம்பியை இழுக்க இழுக்க முறுகிடும் மாப்ள. நடுவுல காய்ச்சலைன்னா ஒடியும்." தொழிற்சாலையிலும் கழுத்துக்கு இதே வேலைதான். ராணுவத் தோட்டாக்களில் கழுத்தோரம் நீலமும் பழுப்புமாக ஒரு நிறம் தெரியுமே, அது காய்ச்சிய தழும்பு. சரியாகக் காய்ச்சாமல் விட்டாலும் கழுத்து கிழியும் என்பதால் கம்பெனி மேல் எனக்குச் சந்தேகம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதே லாட்டை வாங்கி வீட்டு பீரோவில் வைத்திருந்த நண்பர் தன் துப்பாக்கியில் பத்து போட்டார். பத்தும் சுத்தம். அப்புறம் என்ன, வாயை மூடிக்கொண்டேன்.

அஸ்தம்பட்டிக்காரர்:

கழுத்து கிழிவது பரவாயில்லைங்க. எனக்குப் போனது அடிப்பக்கம். புத்தம்புது டப்பா, முதல் ரவுண்டு. போல்டை (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் தாழ்) இழுத்தால் ரிம்மோடு (கூட்டின் அடி விளிம்பு) ஒரு சின்னத் துண்டுதான் வந்தது, மீதிக் கூடு சேம்பருக்குள்ளேயே (தோட்டா உட்காரும் அறை) நின்றுவிட்டது. அடுத்த தோட்டா உள்ளே போக மறுத்தது. பலவந்தமாகத் தள்ளாமல் அத்தோடு நிறுத்தியது நல்லதாகப் போயிற்று.

வீட்டுக்கு வந்து முன்பு சுட்ட காலிக் கூடுகளை எடுத்துப் பார்த்தேன். ரிம்முக்கு மேலே ஒரு விரல் அகலத்தில், மெட்டி போட்ட மாதிரி பளபளவென்று ஒரு வளையம். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைக் கொஞ்சம் மடக்கி, வாய்வழியே விட்டு உட்சுவரை வருடினேன். வளையம் இருந்த இடத்தில் நுனி 'டக்'கென்று பள்ளத்தில் இறங்கியது. சில கூடுகளில், அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரும் லேசாக வெளியே தள்ளி நின்றது.

ரிம்முக்கும் போல்ட் முகத்துக்கும் நடுவே இடைவெளி கூடிப்போனதன் அடையாளம் இது, ஹெட்ஸ்பேஸ் என்பார்கள். சுட்டதும் கூட்டின் முன்பக்கம் சேம்பர் சுவரைக் கவ்விக்கொள்கிறது, அடிப்பக்கம் மட்டும் பின்னால் ஓடுகிறது, நடுவில் பித்தளை இழுபட்டு மெலிகிறது. திரும்பத் திரும்ப நிரப்பிச் சுடும் கூட்டில் இது நாளடைவில் வருவதுதான். முதல் சுடுதலிலேயே வந்தால் என்னைக் கேட்டால் துப்பாக்கியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். மெக்கானிக் அளந்துவிட்டு, எப்போதோ யாரோ வேறு ரைஃபிளின் போல்டை இதில் மாட்டியிருக்கிறார்கள் என்றார். சேம்பரிலும் தோட்டாவிலும் எண்ணெய் பூசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: வழுக்கினால் கூடு சுவரைக் கவ்வாது, மொத்த அடியும் போல்ட் மேல்தான் விழும்.

கொண்டலாம்பட்டிக்காரர்:

எனக்கு வந்தது உடம்பில் கிழிசல், அதுவும் ஐம்பதில் ஒன்றே ஒன்று. கோணல்மாணலாக ஒரு கோடு, ஓரத்தில் பித்தளை செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது. முன்னும் பின்னும் சுட்ட கூடுகளில் ஒரு கீறல் இல்லை. தகட்டிலேயே கசடு இருந்திருக்கிறது, கம்பெனியைத் தாராளமாகக் கேட்கலாம் என்று கூட்டை எடுத்துக்கொண்டு போனேன். லாட் நம்பர் கேட்டார்கள். வீட்டுக்கு வந்து தேடினால் அந்த டப்பாவில் ஊசி நூல் இருந்தது, நம்பர் மேல் பையன் டோரிமான் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தான். சுரண்டியதில் நம்பரும் சேர்ந்து வந்துவிட்டது.