நாலு கட்டத்தில் ஒரு நாள் அடங்குமா? யோன்கோமா மங்கா குறித்து ஒரு விவாதம்

தூறல் | சனி, இரவு 9:12

தோழி ஒருத்தி கொடுத்தாள் என்று ‘அசுமாங்கா டாயோ’ என்ற மங்காவை, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையை, படிக்க ஆரம்பித்தேன். கியோஹிகோ அசுமா 1999 முதல் 2002 வரை மாத இதழில் வரைந்தது. மொத்தமே நான்கு தொகுதி. முக்கியமாக ஆறு பள்ளி மாணவிகள், அவர்களுடைய ஆசிரியைகள், அவ்வளவுதான் கதை. பக்கத்துக்கு இரண்டு பத்தி, பத்திக்கு நான்கு கட்டம். வலது பத்தியை மேலிருந்து கீழே முடித்துவிட்டு இடது பத்திக்குப் போக வேண்டும். ஜப்பானில் இதற்கு யோன்கோமா என்று பெயர், ‘நாலு கட்டம்’ என்றே பொருள்.

முதல் நாற்பது பக்கம் ரசித்தேன். அப்புறம் மூச்சு முட்டியது. ஒரு பெண் ஏதோ சொல்ல வருகிறாள், நம் மனசு அவளிடம் போகிறது, அதற்குள் நாலாவது கட்டம் வந்து கதவைச் சாத்திவிடுகிறது. அடுத்த பத்தியில் வேறு பேச்சு. அன்றாட வாழ்க்கையைக் காட்டுவதுதான் நோக்கம் என்றால், வாழ்க்கை இப்படி நாலு நாலாக நறுக்கியா வருகிறது?

என் கட்சியை நேராகவே சொல்லிவிடுகிறேன். துணுக்குக்கு இந்த வடிவம் போதும். வாழ்க்கைக் கதைக்குப் போதாது. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

நெய்தல் | சனி, இரவு 10:05

தூறல், நீங்கள் நாற்பதாம் பக்கத்தில் நின்றதுதான் பிரச்சினை என்று நினைக்கிறேன். அதே புத்தகத்திலிருந்தே சொல்கிறேன்.

சகாகி என்று உயரமான, அதிகம் பேசாத பெண் வருகிறாள் இல்லையா? பூனை என்றால் அவளுக்கு உயிர். ஆனால் தெருவில் எந்தப் பூனையைத் தடவப் போனாலும் கடித்துவிடும். கை நீளும், பூனை கடிக்கும். இது எத்தனை முறை வருகிறது! முதலில் சிரிப்பு, பிறகு அலுப்பு, அதற்கும் பிறகு அவளுக்காக ஒரு வலி. பள்ளிச் சுற்றுலாவில் ஒகினாவா போகும்போது இரியோமோத்தே தீவில் ஒரு காட்டுப்பூனைக் குட்டி அவளிடம் தானாக வந்து நிற்கிறது. அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கியது. அத்தனை கடிகளையும் நானும் அவளோடு வாங்கியிருந்தேன். வழக்கமான கதை வடிவத்தில் இதையே ‘அவளுக்குப் பூனைகளிடம் ராசியில்லை’ என்று இரண்டு பக்கத்தில் சொல்லி முடித்திருப்பார்கள். எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

ஒரே காரியம் திரும்பத் திரும்ப நடக்கிறது, எப்போதாவது ஒருநாள் மாறி நடக்கிறது. என் வீட்டில் நாள்கள் இப்படித்தான் போகின்றன. உங்கள் வீட்டில் எப்படி?

கூர்வாள் | சனி, இரவு 11:31

நான் தூறல் பக்கம். வரலாறும் அந்தப் பக்கம்தான்.

மங்காவின் பெரிய முன்னோடி ஒசாமு தெசுகா எதில் தொடங்கினார்? 1946 ஜனவரியில், 17 வயதில், சிறுவர் பத்திரிகை ஒன்றில் ‘மா-சானின் நாட்குறிப்பு’ என்ற நாலு கட்டத் தொடரில். சின்னப் பையன் ஒருவனின் அன்றாடக் குறும்புகள், அதாவது நாம் பேசும் இதே வகை. அடுத்த ஆண்டே ‘புதிய புதையல் தீவு’ வந்தது. சினிமா கேமரா போல ஓடும் பக்கங்கள், நீளமான கதை. அவருக்குச் சொல்ல வேண்டியது பெரிதானபோது நாலு கட்டத்தைத் தாண்டிப் போனார். ஜப்பானிய மங்காவின் பெரிய வழி அங்கேதான் திறந்தது.

இன்றைக்கு வருவோம். ‘கே-ஆன்’ 2009இல் அனிமே (ஜப்பானிய அசைவுப்படத் தொடர்) ஆன பிறகுதானே உலகத்துக்குத் தெரிந்தது? ‘போச்சி த ராக்’ 2022இல். இரண்டுக்கும் மூலம் ஹோபுன்ஷா பதிப்பகத்தின் கிராரா மாத இதழ்களில் வந்த யோன்கோமா. இரண்டும் இசைக்குழுக் கதைகள். தபால்தலை அளவுக் கட்டத்துக்குள் கிடார் எங்கே ஒலிக்கும்? அரங்கத்து இருட்டு எங்கே தெரியும்? ஒரு விஷயத்துக்கு இடம் கொடுத்துப் பக்கம் முழுக்க விரிக்கும் சுதந்திரம் வரைபவருக்கு இல்லை. மூலம் விதை, அனிமேதான் மரம். விதையை மரம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

நெய்தல் | ஞாயிறு, காலை 7:20

கூர்வாள், தெசுகா கதையில் பாதியைத்தான் சொல்கிறீர்கள். அதே 1946இல், ஏப்ரலில், ஃபுகுவோகாவின் உள்ளூர் மாலைப் பத்திரிகை ஒன்றில் மச்சிகோ ஹசெகாவா ‘சசாயே-சான்’ தொடங்கினார். அது பின்னர் அசாஹி ஷிம்புன் என்ற தேசிய நாளிதழுக்குப் போய் 1974 வரை நடந்தது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நாலு கட்டங்கள்! போர் முடிந்த கையோடு ரேஷன் வரிசையில் நின்ற குடும்பம், வீட்டில் டிவி பெட்டி வந்த காலம்வரை வாழ்ந்துவிட்டது. தெசுகா ஒரு வழியைத் திறந்தார், சரி. இந்த அம்மா இன்னொரு வழியில் 28 ஆண்டு நடந்தார். அது சின்ன வழியா?

நாலு கட்டத்தின் இலக்கணத்தையும் சொல்ல வேண்டும். கி, ஷோ, தென், கெத்சு: எடுப்பு, தொடுப்பு, திருப்பம், முடிப்பு. சீனத்து நாலடிக் கவிதையிலிருந்து வந்தது. ஜப்பானில் இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு பழைய பாட்டை எடுத்துக்காட்டுவார்கள். முதல் அடி: நூல் கடைக்காரர் மகள்கள். இரண்டாம் அடி: மூத்தவளுக்கு இத்தனை வயது, இளையவளுக்கு இத்தனை (வயது பாடத்துக்குப் பாடம் மாறும்). மூன்றாம் அடி திடீரென்று வேறெங்கோ போகிறது: நாட்டுப் பிரபுக்கள் அம்பெய்து கொல்கிறார்கள். நாலாம் அடி: நூல் கடை மகள்கள் கண்ணால் கொல்கிறார்கள். மூன்றாவதில் வழி தவறிவிட்டோமோ என்று ஒரு கணம் திகைக்கிறோம் பாருங்கள், அந்தத் திகைப்பிலிருந்துதான் நாலாவது பிறக்கிறது.

வெண்பா படித்தவர்களுக்கு இது புதிதில்லை. மூன்று அடி நாற்சீர், ஈற்றடி மட்டும் முச்சீர். அந்த ஒரு சீர் குறைவதால்தான் ‘முடிந்தது’ என்று காது சொல்கிறது. நாலாவது கட்டம் கதவைச் சாத்துகிறது என்றார் தூறல். எனக்கு அது ஈற்றடி.

தூறல் | ஞாயிறு, காலை 9:48

வெண்பா ஒப்புமை அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தனிப்பாடலை யாரும் வரிசையாக இருநூறு படிப்பதில்லையே. ஒன்றைப் படித்து, வாயில் போட்டுக் குதப்பி, மறுநாள் இன்னொன்று. யோன்கோமா தொகுதி ஒன்றில் பக்கத்துக்கு இரண்டு, நூறு பக்கத்துக்கு மேல். இருநூறு ஈற்றடி ஒன்றன்பின் ஒன்றாகக் காதில் விழுந்தால் எந்த ஓசைதான் நிற்கும்?

நெய்தல் | ஞாயிறு, காலை 10:15

நளவெண்பா இருக்கிறதே. நளன் தமயந்தி கதையைப் புகழேந்தி 400க்கும் மேற்பட்ட வெண்பாக்களில் சொல்லி முடித்தார். ஒவ்வொன்றும் தனித்து நிற்கிறது, கதையும் நகர்கிறது.

யோன்கோமாவில் அதற்கு நேரான உதாரணம் யோஷியே கோதாவின் ‘ஜிக்யாகு நோ உத்தா’, 1985 முதல் 1990 வரை வந்தது. வேலைவெட்டி இல்லாத இசாவோ கோபம் வந்தால் சாப்பாட்டு மேசையைக் கவிழ்ப்பான். கூடவே வாழும் யுகியே எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வாள். தொடக்கத்தில் அதே மேசை, அதே கவிழ்ப்பு. போகப் போக யுகியேவின் சிறுவயது வறுமை, பள்ளித் தோழி என்று கதை ஆழத்துக்கு இறங்குகிறது. கடைசிப் பக்கங்களை ஒரே மூச்சில் படித்தவர்களால் சிரிக்க முடியாது. அதுவரை கட்டம் நாலுதான்.

கிழக்குத்தோக்கியோ | ஞாயிறு, பகல் 1:02

வேலை நிமித்தம் தோக்கியோவுல நிஷிகசாயில் இருக்கிறேன், ஏழு வருஷமாச்சு. நீங்க எல்லாரும் புத்தகமாத் தொகுத்ததை வச்சே பேசறீங்க. இது முதல்ல பத்திரிகையில வளர்ந்த பொருள். அங்கதான் பார்க்கணும்.

இங்கே நாளிதழ்ல நாலு கட்டம் எங்க வரும் தெரியுமா? விபத்து, கொலை, தீ விபத்துன்னு உள்ளூர்ச் செய்தி போடற பக்கத்துல, இடது மேல் மூலையில. என் பக்கத்து வீட்டுப் பாட்டி யோமியுரி பேப்பர் வாங்கறாங்க. அதுல மசாஷி உயேதாவோட ‘கோபோ-சான்’ 1982லேர்ந்து வருது. பாட்டி பேப்பரைப் பிரிச்சதும் நேரா அந்த மூலைக்குத்தான் போவாங்க, அப்புறம்தான் மத்தது. யாரோ வீடு எரிஞ்சு செத்துப்போன செய்திக்குப் பக்கத்துல ஒரு சின்னப் பையன் தாத்தாகிட்ட ஏதோ கேட்டுக்கிட்டு நிக்கறான். பாட்டி ‘உம்’னு ஒரு சத்தம் போடுவாங்க, சிரிப்புன்னுகூடச் சொல்ல முடியாது. அந்த ‘உம்’முக்காகத்தான் இந்த வடிவம்னு எனக்குத் தோணும். நூறு பக்கம் சேர்த்துப் படிச்சா அலுக்கும்னு தூறல் சொல்றது சரிதான். ஒரு மாச இட்லியை ஒரே நாள்ல சாப்பிட்டா அலுக்கத்தானே செய்யும்?

நம்ம ஊர்ல தினத்தந்தி ‘கன்னித்தீவு’ படிச்சு வளர்ந்தவன் நான். அங்க ஈர்ப்பே ‘நாளைக்கு என்ன ஆகும்’ங்கறதுதான். கோபோ-சான்ல நாளைக்கு ஒண்ணும் ஆகாது. அது தெரிஞ்சும் படிக்கறாங்க. இந்த வித்தியாசம் எனக்குப் புரியவே ரெண்டு வருஷம் ஆச்சு.

கூர்வாள் | ஞாயிறு, பிற்பகல் 3:40

இதைத்தான் நானும் சொல்கிறேன். ‘நாளைக்கு ஒன்றும் ஆகாது’ என்பது ஆறுதல். ஆறுதல் நல்லதுதான். ஆனால் வாழ்க்கையில் நாளைக்கு ஏதாவது ஆகிறதே? சசாயே-சான் குடும்பத்துக்கு வயதே ஆவதில்லை. 1969 அக்டோபரிலிருந்து ஞாயிறு மாலைதோறும் டிவியில் ஓடுகிறது, பையன் கத்சுவோ இன்னும் தொடக்கப் பள்ளியில் இருக்கிறான். முதுமை, சாவு, பிரிவு எல்லாவற்றையும் வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே இருப்பதை ‘வாழ்க்கை’ என்றால் எப்படி ஒப்புக்கொள்வது?

கிழக்குத்தோக்கியோ | ஞாயிறு, மாலை 4:26

சாவு வந்த நாலு கட்டமும் இருக்கு. யுகி கிகுச்சியோட ‘100 நாளில் சாகப்போகும் முதலை’. 2019 டிசம்பர் 12லேர்ந்து 2020 மார்ச் 20 வரைக்கும் தினம் ஒண்ணு, ட்விட்டர்ல. முதலை டிவி பார்க்கும், நண்பனோட சாப்பிடப் போகும், எப்பவோ வரப்போற ஒண்ணுக்காகக் காத்திருக்கும். நாலு கட்டத்துக்கும் கீழ ஒரு வரி: சாவுக்கு இன்னும் இத்தனை நாள். முதலைக்கு அது தெரியாது, நமக்குத் தெரியும். சாதாரண நாலு கட்டம்தான், அந்த ஒரு வரியால படிக்கற நம்ம பார்வையே மாறிடுச்சு. அப்போ என் அலுவலகத்துல சாயங்காலமானா எல்லார் கையிலயும் அதுதான். முடிஞ்ச உடனே பொருள் விற்பனை, சினிமான்னு அறிவிப்பு வரிசையா வந்ததுல பலருக்கும் கோபம், எனக்கும்தான். ஆனா அந்த நூறு நாள் நூறு நாள்தான்.

கூர்வாள் | ஞாயிறு, மாலை 5:10

இதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கவனியுங்கள், பாரத்தைத் தாங்கியது ஐந்தாவதாகக் கீழே போட்ட அந்த வரி. நாலு கட்டம் தன்னால் முடியாததை வெளியிலிருந்து கடன் வாங்கியிருக்கிறது.

மைக்கூடு | ஞாயிறு, இரவு 8:33

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் இதை வரைந்து பார்த்தவள். அப்பாவின் தையல் கடையை வைத்து அறுபது வரைந்தேன். படிப்பவர் பக்கத்திலிருந்தே எல்லோரும் பேசுகிறீர்கள், வரைபவர் படும் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

முதல் தொல்லை நம் எழுத்து. ஜப்பானிய மொழியை மேலிருந்து கீழே எழுதலாம், ஒல்லியான பலூன் போதும், குறுகிய கட்டத்தின் ஓரத்தில் சொருகிவிடலாம். தமிழில் ‘எடுத்துக்கிட்டுப் போயிருக்கலாமே’ என்று அப்பா ஒரு வார்த்தை சொன்னால் கட்டத்தின் அகலமே போய்விடும். அப்புறம் முகத்துக்கு எங்கே இடம்? கட்டங்களைக் கிடைமட்டமாக வைத்தேன், இரண்டுக்கு இரண்டாக வைத்தேன். இரண்டுக்கு இரண்டில் பார்வை நேராக நாலாவதற்குத் தாவிவிடுகிறது, திருப்பம் முன்னாலேயே தெரிந்துவிடுகிறது. மேலிருந்து கீழே வருவதில் ஒரு கிணற்றில் இறங்குகிற மாதிரி ஒழுங்கு இருக்கிறது. அதை விட முடியவில்லை. கடைசியில் அப்பாவின் பேச்சைக் குறைத்தேன். அதன் பிறகுதான் அப்பா அப்பாவாக வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, எண்ணிக்கை. கிராரா மாதிரி மாத இதழில் ஒருவருக்குப் பெரும்பாலும் எட்டுப் பக்கம் கிடைக்கும். பக்கத்துக்கு இரண்டு என்றால் மாதம் பதினாறு முடிவுகள் வேண்டும். நீண்ட கதை எழுதுபவருக்கு மாதம் ஒன்று போதும். எனக்கு வாரம் ஒன்று வரைவதற்கே தூக்கம் போனது. அறுபதில் நாற்பதுக்கு மேல் நாலாவது கட்டம் பொய். சிரிப்பு வரவழைக்க அப்பா சொல்லாததைச் சொல்ல வைத்தேன். அதனால்தான் நிறுத்தினேன். தூறல் சொல்கிற ‘கதவைச் சாத்துவது’ எனக்கு நன்றாகத் தெரியும், நானே சாத்தியிருக்கிறேன்.

தூறல் | ஞாயிறு, இரவு 9:05

மைக்கூடு அக்கா, பொய்யான நாலாவது கட்டம் ஒன்றைச் சொல்லுங்களேன். படம் வேண்டாம், வாயால் சொன்னாலே போதும்.

மைக்கூடு | ஞாயிறு, இரவு 9:40

சொல்கிறேன். ஒன்று: ஜூன் மாதம். ஒரு அம்மா பையனைக் கூட்டிக்கொண்டு யூனிஃபார்ம் தைக்க வருகிறார். ‘வளர்ற பையன், அடியில ரெண்டு இஞ்ச் விட்டு மடிச்சுத் தைங்கண்ணே.’ இரண்டு: அடுத்த ஜூன். அதே பேன்ட், அப்பா மடிப்பைப் பிரித்து ஒரு இஞ்ச் இறக்குகிறார். மூன்று: அதற்கும் அடுத்த ஜூன். மீதி ஒரு இஞ்சையும் இறக்கியும் போதவில்லை, இனி இறக்குவதற்குத் துணி இல்லை, அம்மா பேன்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். நான்கு: அப்பா சொல்கிறார், ‘பையனைக் கொஞ்சம் மெதுவா வளரச் சொல்லுங்க.’

அப்பா அப்படிச் சொல்லவே இல்லை. அன்றைக்கு அவர் ஒன்றுமே பேசவில்லை.

நெய்தல் | ஞாயிறு, இரவு 9:52

அப்படியென்றால் நாலாவதில் ஒன்றுமே பேச வேண்டாம். பிரித்த மடிப்பை மட்டும் வரையுங்கள். இரண்டு வருஷம் வெயில் படாமல் உள்ளே இருந்த துணி கூடுதல் நீலமாகக் கோடு போட்ட மாதிரி தெரியும் இல்லையா, அதை.

தூறல் | ஞாயிறு, இரவு 10:18

இந்த ஒன்றை நான் மறக்க மாட்டேன். ஆனாலும் என் கட்சி அப்படியேதான் இருக்கிறது. எனக்கு அந்த அம்மா வீட்டுக்கு நடந்து போவதைப் பார்க்க வேண்டும். புதுத் துணிக்குக் காசு எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும். அது பத்துப் பக்கக் கதை.

மைக்கூடு | ஞாயிறு, இரவு 10:30

அந்தப் பத்துப் பக்கம் எனக்குத் தெரியாது தூறல். அவர் கடைக்குள் நின்ற நேரம் மட்டும்தான் நான் பார்த்தது. நெய்தல் சொன்ன மாதிரி நாலாவதை நாளைக்கு மாற்றி வரைகிறேன். துணிக்குக் கறுப்பு மை போதாது, நீலம் வாங்க வேண்டும்.