ஒட்டு இமைமுடியில் வேக்ஸ் படிந்துவிட்டது. முடி பிடுங்காமல் எடுப்பது எப்படி?

கேள்வி: பொருநைக்கரை, பாளையங்கோட்டை

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் பதினோரு ஆண்டுகளாகப் பெண்களுக்கான சிறிய பார்லர் ஒன்றை நடத்தி வருகிறேன். திரெடிங், ஃபேஷியல், மணப்பெண் அலங்காரம் ஆகியவைதாம் எங்கள் அன்றாட வேலை. ஐலாஷ் எக்ஸ்டென்ஷன் எனப்படும் ஒட்டு இமைமுடி வேலையை நான் முறையாகக் கற்றதில்லை. ஆகையால் யாருக்கும் வைத்துவிடுவதும் இல்லை. அதனால்தான் இந்தக் கேள்வியை இங்கே கேட்க வேண்டியதாகிவிட்டது.

வள்ளியூரிலிருந்து வந்த ஒரு பெண், தம்பி கல்யாணத்திற்காக ஐந்து நாட்களுக்கு முன் சென்னையில் இமைமுடி ஒட்டிக்கொண்டு வந்திருந்தார். நூலில் புருவம் எடுத்தால் தமக்குத் தோல் தடித்துவிடும் என்று அவர் சொன்னதால், புருவத்துக்குக் கீழே மட்டும் வேக்ஸ் போடச் சம்மதித்தேன். என்னிடம் வேலை பழகும் பெண் குச்சியில் வேக்ஸை எடுத்து வரும்போது அதிலிருந்து ஓர் இழை நீண்டு, இடது கண்ணின் வெளியோரத்தில் இமைமுடியின் மேல் படிந்துவிட்டது. கண் மூடியிருந்ததால் உள்ளே எதுவும் போகவில்லை. பதற்றத்தில் நனைத்த பஞ்சால் துடைத்தோம். பஞ்சின் நாரும் அதிலேயே ஒட்டிக்கொள்ள, இப்போது எட்டு ஒன்பது முடிகள் ஒரே கொத்தாக நிற்கின்றன. பெரும்பாலானவற்றில் வேக்ஸ் நுனியில்தான் மணிமணியாக உருண்டிருக்கிறது. கடைசி மூன்றில் மட்டும் வேர்ப்பக்கம் வரை இறங்கியிருக்கிறது.

அவர் பெருமாள்புரத்தில் உறவினர் வீட்டில் தங்கியிருக்கிறார். நாளை காலை திரும்ப வருவார். நாளை மறுநாள் முகூர்த்தம். தேங்காய் எண்ணெய் தடவினால் வந்துவிடும் என்கிறார் ஒருவர். எண்ணெய் பட்டால் ஒட்டு முழுவதும் கழன்றுவிடும் என்கிறார் இன்னொருவர். அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில்: மேலப்பாளையம் அக்கா

இதற்கு ஏன் இவ்வளவு கவலை, தங்கச்சி? ஹேர் டிரையரை இளஞ்சூட்டில் வைத்துக் காட்டினால் வேக்ஸ் இளகிவிடும். பிறகு டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிடலாம். அப்படியும் வராவிட்டால் ஐஸ் கட்டியை வைத்து இறுக்கி, நகத்தால் உதிர்த்துவிடுங்கள். சேலையில் ஒட்டிய மெழுகை நான் அப்படித்தான் எடுப்பேன்.


பதில்: இமைவேலைக்காரி, நாகர்கோவில்

பொருநைக்கரை அக்கா, நான் ஆறு ஆண்டுகளாக இமைமுடி ஒட்டும் வேலை மட்டுமே செய்து வருகிறேன். மேலப்பாளையம் அக்கா சொன்ன இரண்டு வழிகளையும் தயவுசெய்து செய்ய வேண்டாம். சேலையில் படிந்த மெழுகுக்கு அவை பொருந்தலாம், இமைக்குப் பொருந்தா. தேன்மெழுகு உருகுவதற்கு ஏறத்தாழ 62 முதல் 64 டிகிரி வரை சூடு வேண்டும். அவ்வளவு சூடான பொருள் ஐந்தாறு வினாடிகள் பட்டாலே தோல் வெந்துவிடும், அதிலும் இமைத்தோல் உடம்பிலேயே மிக மெல்லியது. வேறு வகை வேக்ஸ் அதைவிடக் குறைந்த சூட்டில் இளகுமே என்று கேட்கலாம். இளகியது எங்கே போகும்? இப்போது நுனியில் நிற்பதெல்லாம் வேருக்கு இறங்கும். ஐஸ் வைத்து உதிர்ப்பதில் வேறொரு கேடு இருக்கிறது. இறுகிய வேக்ஸ் உடையும்போது அது பிடித்திருக்கும் முடியையும் சேர்த்தே இழுக்கும். ஒட்டு முடியோ இயற்கை முடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆக, கடைசியில் பிடுங்கப்படுவது அவருடைய சொந்த முடியாகத்தான் இருக்கும்.

எண்ணெயா தண்ணீரா என்பதற்கு முன்னால், உங்கள் டப்பாவில் இருப்பது எந்த வேக்ஸ் என்று பாருங்கள். நம் ஊர் பார்லர்களில் புழங்குபவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, தண்ணீர் சேர்த்துக் காய்ச்சிய பாகு. அது தண்ணீரில் கரையும். மற்றொன்று பைன் மரப் பிசினிலிருந்து கிடைக்கும் ரோசினை வைத்துச் செய்தது; அது எண்ணெயில் இளகுமே தவிர, தண்ணீரை எவ்வளவு ஊற்றினாலும் அசையாது. டப்பாவின் மேல் தேன் படம் போட்டிருப்பதை நம்பாதீர்கள். இரண்டு வகையிலும் அந்தப் படம் உண்டு. குச்சியில் சிறிது வேக்ஸை எடுத்து, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் விட்டுக் கலக்குங்கள். கருப்பட்டி கரைவது போலக் கரைந்தால் பாகு. நூலாகத் திரண்டு குச்சியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றால் ரோசின். ஈரப் பஞ்சு சிக்கிக்கொண்டது என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் ரோசினாகத்தான் இருக்க வேண்டும். ஆனாலும் சோதித்துவிடுங்கள், பாகாக இருந்தால் வேலை கால்வாசியாகிவிடும்.

பாகு என்றால், நார் விடாத சின்ன மைக்ரோ பிரஷ்ஷை வெதுவெதுப்பான சலைன் நீரில் தோய்த்து, நுனிப்பக்கமாகத் தடவித் தடவிக் கரைத்தாலே போதும். ஒட்டி ஐந்து நாள் ஆகிவிட்டதால் பசை முழுதாக இறுகியிருக்கும். ஈரம் பட்டுக் கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டாம். ஒட்டிய முதல் ஒரு நாள் இரண்டு நாள்தான் அந்தக் கவலை.

ரோசின் என்றால் எண்ணெய்ப் பசையுள்ள ஒன்று இல்லாமல் வழியில்லை. உங்களுக்குச் சொன்ன இருவரின் பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. இமைமுடி ஒட்டும் பசை சயனோஅக்ரிலேட் வகை. எண்ணெய் பட்ட மாத்திரத்தில் அது கரைந்துவிடாது. ஆனால் எண்ணெய் அங்கேயே தங்கிவிட்டால் பிடி நாளாவட்டத்தில் தளரும் என்பதும், எண்ணெய் படிந்த முடியில் புதிய பசை பிடிக்காது என்பதும் எங்கள் தொழிலில் அன்றாடம் காண்பவை. எனவே எண்ணெய் படலாம், தங்கக் கூடாது. தேங்காய் எண்ணெய் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம், நம் ஊர் வெயிலில் அது தண்ணீராக ஓடிக் கண்ணுக்குள் போய்விடும். மெடிக்கலில் கிடைக்கும், வாசனை சேர்க்காத வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லியைப் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். அது வைத்த இடத்திலேயே நிற்கும்.

அவரை மல்லாந்து படுக்கவைத்து, தலையைச் சற்று உயர்த்தி, கீழ் இமைமுடியை ஜெல் பேடால் மூடிவிடுங்கள். கண்ணை இறுக்காமல் மூடியிருக்கச் சொல்லுங்கள். மைக்ரோ பிரஷ் நுனியில் கடுகளவு ஜெல்லியை எடுத்து வேக்ஸ் மணியின் மேல் மட்டும் வைத்து, இரண்டு நிமிடம் கையை எடுத்துவிடுங்கள். இந்த இரண்டு நிமிடம் பொறுக்க மாட்டாமல்தான் பெரும்பாலும் முடி போகிறது. பிறகு ஒரு ட்வீசரால் அந்த முடியை நடுவில் அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொரு பிரஷ்ஷால் ட்வீசருக்கு வெளியே உள்ள பகுதியை நுனி நோக்கி மட்டும் வழியுங்கள். இழுவை ட்வீசரோடு நின்றுவிடும், வேருக்குப் போகாது. ஒவ்வொரு வழிப்புக்கும் பிரஷ்ஷைத் துடையுங்கள். அல்லது புதிதாக எடுங்கள். பஞ்சு நாரும் இதோடு வந்துவிடும்.

வேர் வரை இறங்கிய அந்த மூன்றைக் காப்பாற்ற முயல வேண்டாம், அக்கா. அங்கே ஜெல்லியைத் தேய்த்தால் பக்கத்து ஒட்டுகளும் கெடும், இமை விளிம்பில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகளின் வாயிலும் அழுக்கு சேரும். ஒட்டு முடியைத்தான் இழக்க வேண்டும், சொந்த முடியை இழக்கக் கூடாது. ஒட்டு இமைமுடியின் பசையைக் கரைக்கும் கிரீம் ரிமூவரைப் பயன்படுத்தத் தெரிந்த ஒருவரை வரவழைத்து, அந்த மூன்றை மட்டும் கழற்றச் சொல்லுங்கள். ஜெல் வகை ரிமூவர் ஓடும். கிரீம் வகை நிற்கும். நெயில் பாலிஷ் ரிமூவரும் பசையைக் கரைக்குமே என்று யாரேனும் சொன்னால் காது கொடுக்காதீர்கள். அதில் பெரும்பாலும் இருப்பது அசிட்டோன், கண்ணருகே அதன் ஆவி கூட வரக் கூடாது.

முடிவில் எண்ணெய் சேராத லாஷ் ஷாம்பு நுரையால் இரண்டு முறை கழுவி, சலைன் விட்டு அலசி, சூடில்லாத காற்றில் உலர்த்தி, ஸ்பூலி எனப்படும் இமைமுடி சீவும் சிறு பிரஷ்ஷால் நுனியை மட்டும் சீவிவிடுங்கள். கழுவுவதற்குப் போர் தண்ணீரைப் பயன்படுத்தாதீர்கள். உப்புத் தண்ணீரில் நுரையும் சரியாக வராது, உலர்ந்தபின் கறுப்பு முடியில் வெள்ளைப் பூப் பூத்தது போல் தெரியும். முகூர்த்தப் போட்டோவில் அது நன்றாகவே விழும்.


பதில்: ஓய்வு பெற்ற கண் பிரிவுச் செவிலி, திருநெல்வேலி

மேலே சொன்ன முறையைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. கண்ணைப் பற்றிச் சில வார்த்தைகள் மட்டும். நாளை வேலையைத் தொடங்குமுன், அந்தப் பெண்ணிடம் கண்ணில் உறுத்தல், வலி, வெளிச்சம் பார்த்தால் கூச்சம், பார்வை மங்கல் ஆகியவற்றில் ஏதேனும் இருக்கிறதா என்று கேளுங்கள், மகளே. ஒன்று இருந்தாலும் வேக்ஸை எடுக்கும் வேலையைத் தொடாமல், ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கோ அரவிந்த் கண் மருத்துவமனைக்கோ அனுப்பிவிடுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவரா என்று கேட்பதையும் மறக்க வேண்டாம். லென்ஸைக் கழற்றிய பிறகே படுக்கவைக்க வேண்டும்.

வேலையின் நடுவில் ஜெல்லியோ ஷாம்புவோ கண்ணுக்குள் சிறிது போனால், தேய்க்க விடாமல், சுத்தமான நீரையோ சலைனையோ விட்டுக் கழுவுங்கள். ரிமூவர் போய்விட்டால் உடனே தொடங்கிப் பதினைந்து நிமிடம் விடாமல் கழுவிவிட்டு, அதன் பிறகு மருத்துவரிடம் காட்டுங்கள். விழிமேல் வேக்ஸ் துணுக்கு தெரிந்தால் பட்ஸ் கொண்டு எடுக்க முயலவே கூடாது. நான் பணியில் இருந்தபோது, விழுந்த தூசியைவிட அதை எடுக்கப் போன கைக்குட்டையால் கருவிழியில் கீறல் பட்டு வந்தவர்களையே அதிகம் பார்த்தேன்.

இன்னொன்று. ரோசின் பலருக்கு ஒவ்வாமை தரக்கூடிய பொருள். எடுத்து முடித்த பிறகும், மறுநாளோ அதற்கடுத்த நாளோ இமை அரித்து வீங்கக்கூடும். நூலில் எடுத்தாலே தோல் தடிக்கிறது என்று சொன்னவர் அவர். ஆகையால் உங்கள் போன் எண்ணைக் கொடுத்து அனுப்புங்கள்.


பதில்: மேலப்பாளையம் அக்கா

நான் சேலைக் கணக்கில் சொல்லிவிட்டேன். தங்கச்சி அதைச் செய்யாமல் இருந்ததே நல்லது. ஒரு சந்தேகம் மட்டும்: அப்படியே ஒன்றிரண்டு சொந்த முடி போய்விட்டால் திரும்ப முளைக்குமா?


பதில்: இமைவேலைக்காரி, நாகர்கோவில்

முளைக்கும், அக்கா, வேர்ப்பை கெடாமல் இருந்தால் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஓரளவு வந்துவிடும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பிடுங்குப்பட்டால்தான் அங்கே நிரந்தரமாக வழுக்கை விழும் அபாயம். ஆனால் கல்யாணம் நாளை மறுநாள் அல்லவா?

பொருநைக்கரை அக்காவிடம் ஒன்று கேட்க வேண்டும்: வேக்ஸ் போடும்போது மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்ததா? இழை தானாக ஓரத்துக்குப் போகாது, காற்றுதான் கொண்டுபோகும்.


பதில்: பொருநைக்கரை, பாளையங்கோட்டை

அனைவருக்கும் நன்றி. ஆம், ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இந்த வெயிலில் அதை நிறுத்துவதற்கு யாருக்கும் மனம் வராது. அந்தப் பெண் குச்சியின் அடிப்பக்கத்தை டப்பா விளிம்பில் வழித்துவிட்டு எடுக்கவில்லை என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதைச் சொல்லிக் கொடுக்காதது என் தவறு.

நேற்றிரவே டம்ளர் சோதனையைச் செய்தேன். வேக்ஸ் கரையவில்லை; குச்சியைச் சுற்றிப் பழுப்பு நூலாகத் திரண்டு நின்றது. அதே நூலைப் பெட்ரோலியம் ஜெல்லியோடு விரலிடுக்கில் வைத்துப் பார்த்தபோது, இரண்டு நிமிடத்துக்கு முன் தேய்த்தால் இழுபட்டது, அதன் பிறகு வழுக்கிக்கொண்டு வந்தது. கையால் அதை உணர்ந்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது.

இன்று காலை அவருக்குக் கண்ணில் வலியோ உறுத்தலோ இல்லை. லென்ஸ் போடும் வழக்கமும் இல்லை என்றார். ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். கொத்தில் மொத்தம் ஒன்பது முடிகள். ஆறு முடிகளில் இருந்த மணிகள் நாற்பது நிமிடத்தில் வந்துவிட்டன. ஒரு முடிக்கு இரண்டு முறை ஜெல்லி வைக்க வேண்டியிருந்தது, பிரஷ் மட்டும் முப்பதுக்கு மேல் செலவாயிற்று. மீதி மூன்றுக்கும் வண்ணார்பேட்டையில் இமைமுடி வேலை கற்ற ஒரு பெண்ணை வரவழைத்தேன். அவர் கிரீம் ரிமூவரை வைத்து, டப்பாவில் போட்டிருந்த நேரம் வரை காத்திருந்து, மூன்று ஒட்டுகளையும் தனித்தனியாகச் சறுக்கி எடுத்தார். இழுக்கவே இல்லை. வெள்ளை டிஷ்யூவில் வைத்துப் பார்த்தோம். மூன்றும் ஒட்டு முடிதான், சொந்த முடி எதுவும் அவற்றோடு வரவில்லை. காலி இடத்தில் உடனே புதிதாக ஒட்ட வேண்டாம், இமை ஒரு வாரம் ஓய்வெடுக்கட்டும் என்று அவரே சொல்லிவிட்டார். வெளியோரம் என்பதால் மை தீட்டினால் குறை தெரியவில்லை.

அவரிடம் பணம் வாங்கவில்லை. செவிலி அம்மா சொன்னபடி போன் எண்ணைக் கொடுத்து அனுப்பினேன். மாலை ஆறு மணிக்கு நானே அழைத்தும் கேட்டேன். இமை சற்றுச் சிவந்திருந்தது தணிந்துவிட்டதாம், அரிப்பு இல்லையாம். மருதாணி காய்ந்துகொண்டிருப்பதால் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறேன் என்றார். நாளைக் காலையும் ஒருமுறை அழைப்பேன்.