நியூரோடென்சின்: மூளையே சுரக்கும் மனச்சிதைவு மருந்தா?

மருந்தியல் மாணவி:
மனச்சிதைவு மருந்தான குளோர்பிரோமசின், மூளையில் செய்தி கடத்தும் டோபமின் வந்து ஒட்டும் டி2 ஏற்பியை அடைக்கிறது. மூளையே சுரக்கும் நியூரோடென்சின் அதில் ஒட்டுவதே இல்லை. பிறகு எலியின் நடத்தையில் இரண்டும் எப்படி ஒத்துப்போகின்றன? வெறும் தூக்கக் கலக்கமாக இருக்கக் கூடாதா?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
உங்கள் கல்லூரியில் கம்பம் ஏறும் கருவி இருக்குமே, அம்மா. மணி ஒலித்ததும் பழகிய எலி கம்பத்தில் தாவும். தாமதித்தால் தரைக் கம்பிகளில் மின்சாரம் பாயும். குளோர்பிரோமசின் கொடுத்த எலி மணியைக் காதிலேயே போட்டுக்கொள்ளாது. மின்சாரம் சுருக்கென்றதும் விறுவிறுவென ஏறிவிடும். தூக்கத்தில் துவண்ட எலியாக இருந்தால் அதற்கும் ஏறாது. நியூரோடென்சினை மூளைக்குள் செலுத்திய எலிகளிடமும் இதையே கண்டார்கள்: எச்சரிக்கைக்கு அசைவதில்லை, அதிர்ச்சிக்குத் தப்பி ஓடுகின்றன. ஆம்பெட்டமின் என்ற ஊக்க மருந்து கிளப்பிவிடும் ஓட்டமும் அடங்குகிறது. நியூரோடென்சினுக்குத் தனி ஏற்பி உண்டு. அதன் வழியாக டி2 மீது டோபமினுக்கு உள்ள பிடியைத் தளர்த்துகிறது. வாசல் வேறு, போய்ச் சேரும் அறை ஒன்று.

மதுரை மருந்தாளுநர்:
காரவே, லீமன் என்ற ஆய்வாளர்கள் இதை மாட்டு மூளையிலிருந்து பிரித்தது 1973-ல். இத்தனை காலமாகியும் மாத்திரையாக ஏன் வரவில்லை, ஐயா?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
13 அமினோ அமிலச் சங்கிலி, தம்பி. விழுங்கினால் குடலே செரித்துவிடும். ஊசியாகப் போட்டாலும் நொதிகள் நறுக்கிவிடும். மிஞ்சியதை இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு உள்ளே விடாது. அதைத் தாண்டும்படி என்டி69எல் போன்ற மாற்றுருக்களைச் செய்தார்கள். எலிகளில் பலன் தெரிந்தது, கூடவே உடல் வெப்பமும் இறங்கியது.

இன்னொன்று. 1980-ல் நெமராஃப் என்ற ஆய்வாளர் நியூரோடென்சினுக்கு முன்வைத்த ‘உடலே தயாரிக்கும் மனச்சிதைவு மருந்து’ என்ற பட்டத்தை நான் பாதிதான் ஏற்பேன். டோபமின் வந்து சேரும் மூளைப் பகுதியான நியூக்ளியஸ் அக்கம்பென்ஸில் செலுத்தினால் எலி அடங்குகிறது. டோபமின் செல்கள் குடியிருக்கும் வென்ட்ரல் டெக்மென்டல் பகுதியில் அதையே செலுத்தினால் டோபமின் கூடி, எலி கூண்டுக்குள் ஓடித் திரிகிறது. எங்கே செலுத்தினார்கள் என்று எழுதாமல் முடிவை மட்டும் சொல்லும் குறிப்புகளைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

மருந்தியல் மாணவி:
ஆம்பெட்டமின் கொடுத்த எலி ஒரே இடத்தில் மோந்துகொண்டும் கொறித்துக்கொண்டும் இருக்குமே, அதையும் தடுக்கிறதா?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
தடுப்பதில்லை. ஹாலோபெரிடால் என்ற மனச்சிதைவு மருந்து தடுக்கும். அந்த வகையில் நியூரோடென்சின், அதைத் தடுக்காத இன்னொரு மனச்சிதைவு மருந்தான குளோசபினுக்குத்தான் நெருக்கம்.